மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

கேள்வி, ஜனவரி 9

அம்மாவுக்கு 61 வயது. மேல் வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து, குழி விழுந்து, ராத்திரியில் தூங்க விடுவதில்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டு வேர் வரை பிளந்திருக்கிறது, எடுப்பதுதான் வழி என்கிறார். அம்மா வாயையே திறக்கமாட்டேன் என்கிறார். மேல் பல்லில் கை வைத்தால் கண் நரம்பு செத்துவிடும், பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது என்று ஒரே பிடிவாதம். உண்மையா இது? ஒரு பல்தானே, இன்னும் 31 இருக்கிறதே என்று சொல்லிச் சமாதானம் செய்யலாமா?

ஜனவரி 9, இரவு 10.20

கண் போகாது. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. பார்வைக்கு உள்ளது 2-வது ஜோடி, பல்லுக்கு வருவது 5-வது. அந்த ஐந்தாவது மூன்று கிளையாகப் பிரிகிறது: நெற்றிக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும் ஒன்று, மேல்தாடைக்கும் மேல் பற்களுக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மேல் பல் வலிக்கும்போது கண்ணுக்குப் பின்னால் குத்துகிற மாதிரி இருக்குமே, அது இதனால்தான். எல்லாம் ஒரே அடிமரத்துக் கிளைகள், வலி எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று மூளைக்கே குழப்பம். ஆனால் இவை முக்கியமாகக் கொண்டுபோவது வலியும் தொடு உணர்ச்சியும், பார்வைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

பெரியம்மா எந்த வயதில் பல் எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பதை ஒட்டி என்றால், வெள்ளெழுத்து வருவதும் கண்புரை தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். பல் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கும், கண் மங்கியதற்குத் தேதி கிடையாது. பழி தேதி இருப்பதன் தலையில் விழுந்துவிடுகிறது.

ஆனால் அந்த "இன்னும் 31 இருக்கிறதே" மட்டும் வேண்டாம். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 10, காலை

படுத்தபிறகு உறைத்தது, நேற்று கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அம்மா பயப்படும் வழியில் இல்லை, அதற்கு நேர் எதிர் வழியில். மேல் பல்லின் வேர் நுனியில் சீழ் கட்டி, அதைக் கவனிக்காமல் விட்டால் கன்னமும் கீழ் இமையும் வீங்கும். முகத்திலிருந்து ரத்தம் திரும்பும் சிரைகளில் சில கண்குழி வழியாக மண்டைக்குள் இருக்கும் ரத்த அறைகளோடு தொடர்புள்ளவை. அபூர்வமாகக் கிருமி அந்த வழியில் ஏறினால் கண்ணுக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. அதாவது பல்லைப் பிடுங்கியதால் கண்ணுக்குக் கேடு வருவதில்லை, கெட்ட பல்லைப் பிடுங்காமல் வைத்திருந்தால் வரலாம். அம்மாவிடம் இப்படித் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பயம் எப்படியும் போகப்போவதில்லை, சரியான பக்கத்திலாவது இருக்கட்டும்.

ஜனவரி 10, இரவு

சரி, 31 கதைக்கு வருகிறேன். நான் பல் டாக்டர் இல்லை. என் வாயை நானே கெடுத்துக்கொண்டு அதிலிருந்து பாடம் படித்தவன்.

22 வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, இரவு ஷிஃப்ட், கீழே இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லில் சொத்தை. ரூட் கெனால் செய்தால் இவ்வளவு, பிடுங்கினால் 150 ரூபாய் என்றார்கள். 150 ரூபாய் கொடுத்தேன். வலி போனது, நிம்மதி. குழி ஆறியதும் அந்த இடத்தை மறந்தும் போனேன். வலது பக்கம் மெல்லப் பழகிக்கொண்டேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஓட்டைக்குப் பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. சாய்ந்த இடுக்கில் சோறு சிக்கும், கீரை சிக்கும், தினமும் குச்சி வைத்து நோண்டுவேன். அதைவிட வேடிக்கை மேல் பல். கீழே முட்டுக் கொடுக்க ஆள் இல்லாததால் அது ஓட்டையைப் பார்த்து இறங்கத் தொடங்கிவிட்டது. பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருப்பதும் எதிரில் இருப்பதும் தாங்கிக்கொண்டிருக்கும் வரைதான் அது தன் இடத்தில் நிற்கும். பஸ்ஸில் ஒருவர் எழுந்தால் பக்கத்து சீட்காரர் காலை அகட்டுவாரே, அப்படி. ஒன்றைப் பிடுங்கினால் 31 மிச்சம் என்பது கணக்கில் சரி, வாயில் தப்பு.

ஜனவரி 12

டாக்டர் சீட்டில் 26 என்று எழுதியிருக்கிறார், 32 பல்தானே, எங்கிருந்து எண்ணுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்தும் எண்ணக்கூடாது. அது இருபத்தாறு இல்லை, இரண்டு-ஆறு. வாயை நாலு கால் பாகமாகப் பிரித்து, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அடுத்த எண் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 1, 2 வெட்டுப்பல், 3 கோரைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பல், 6, 7 பின்கடைவாய்ப்பல், கடைசி 8 ஞானப்பல். எனக்குப் பிடுங்கியது 36. எனக்கு இறங்கிக்கொண்டிருப்பது 26. உங்கள் அம்மாவுக்கு எடுக்கப்போவது 26 என்றால், அவருக்கு ஏறப்போவது 36. என் வாயைக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்த மாதிரி இருக்கிறது.

ஆக எட்டு வெட்டுப்பல், நாலு கோரைப்பல், எட்டு முன்கடைவாய், எட்டு பின்கடைவாய், நாலு ஞானப்பல்.

ஜனவரி 13

பள்ளிப் புத்தகத்தில் பின்கடைவாய்ப்பல் 12 என்று இருக்கிறது, நீ எட்டு என்கிறாயே என்று ஒருவர் பிடித்துவிட்டார். புத்தகம் சரி. ஞானப்பல்லும் பின்கடைவாய்ப்பல்தான், மூன்றாவது. நான் பிரித்து எழுதியதற்குக் காரணம் அது எல்லோருக்கும் வருவதில்லை. 17-லிருந்து 25 வயதுக்குள் முளைக்கும், சிலருக்குத் தாடையிலேயே உருவாகாது, சிலருக்கு இடமில்லாமல் படுத்துக்கொண்டு முன்னால் இருப்பதை முட்டும். எனக்கு மேலே மட்டும் இரண்டு வந்தன. ஆகப் பிடுங்குவதற்கு முன்பே என்னிடம் இருந்தது 30-தான்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அவர்கள் பள்ளியில் கோரைப்பல்லை வேட்டைப்பல் என்று படித்ததாக எழுதியிருக்கிறார். அது நல்ல பெயர், எங்கள் ஊர்ப் பெயரைவிட வேலையைச் சொல்கிறது.

ஜனவரி 16

பொங்கல் கரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு ஆராய்ச்சி செய்தேன், பையன் சிரித்துக்கொண்டே போனான். செய்து பாருங்கள். கரும்பின் தோலை உரிக்க முன்பல்லை யாரும் வைப்பதில்லை, சொல்லித்தராமலே தலையைச் சாய்த்துக் கோரைப்பல்லுக்கும் அதற்கு அடுத்ததற்கும் கொண்டுபோகிறோம். வெட்டுப்பல் உளி மாதிரி தட்டை, கொய்யாவையும் வெள்ளரியையும் கவ்வி நறுக்க அது போதும், நாரைப் பிடித்து இழுக்க ஆகாது. இழுப்புக்கு ஆழமான வேர் வேண்டும். வாயிலேயே நீளமான வேர் மேல் கோரைப்பல்லுடையது. கண்ணாடி முன்னால் மேலுதட்டைத் தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில் ஈறின்மேல் விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்டுப்படும், வேர் ஓடுகிற தடம் அது.

கோரைப்பல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பல்லைக் கடித்த நிலையிலேயே தாடையை மெல்ல ஒரு பக்கம் நகர்த்துங்கள். பலருக்குக் கோரைப்பற்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு, பின்பற்கள் சற்றே விலகும். பக்கவாட்டு உரசலைத் தான் வாங்கிக்கொண்டு பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றுகிறது. எல்லோருக்கும் இப்படி இருக்காது, சிலருக்குப் பக்கத்துப் பற்களும் சேர்ந்து சுமக்கும்.

உரித்த துண்டை எங்கே தள்ளுகிறோம்? நாக்கும் கன்னமும் சேர்ந்து பின்னால் ஆறுக்கும் ஏழுக்கும் தள்ளுகின்றன. அங்கே மேல் பல்லின் உள்பக்க மேடு கீழ்ப் பல்லின் நடுக்குழியில் போய் உட்காரும். பழைய ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், உரல் நிற்கும். வெட் கிரைண்டரில் கல் நிற்கும், பாத்திரம் சுற்றும். வாய் வெட் கிரைண்டர் ரகம். மேல்தாடை அசையாது, கீழ்த்தாடைதான் சுற்றி வருகிறது. நடுவில் இருக்கும் நாலும் ஐந்தும் பாதி கிழிக்கும், பாதி நொறுக்கும், முறுக்கு முதலில் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

அப்பா தையற்காரர். அவருடைய மேல் முன்பல் ஒன்றில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், வருஷக்கணக்காக நூலைக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். கத்தரிக்கோல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும், எடுக்கமாட்டார். பல்லின் வேலை வெட்டுதல், கிழித்தல், அரைத்தல் என்று பாடத்தில் படித்தபோது, அப்பாவுக்கு மூன்றாவது கையும் அதுதான் என்று எழுதத் தோன்றியது. எழுதியிருந்தால் மார்க் போயிருக்கும்.

ஜனவரி 17

"முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்" என்று எழுதுகிறவர்கள் கவனத்துக்கு: நன்றாக வாய்விட்டுச் சிரித்தாலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தெரியாது. மிச்சத்தைப் பார்க்கப் பல் டாக்டருக்கே கைப்பிடிக் கண்ணாடி வேண்டும்.

ஜனவரி 21

ஆணி அடித்த மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு எப்படி நிற்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி, அதில் ஆயிரக்கணக்கான நார்கள். பல் அந்த நார்களில் தொங்குகிறது, கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்திருப்பதுபோல. கடிக்கும்போது கொஞ்சம் அமுங்கி மறுபடி எழும்பும். கிளிப் போட்டுப் பல்லை நகர்த்த முடிவதும் இந்த நார் இருப்பதால்தான்.

அதில் நரம்பு முனைகளும் உண்டு. சோற்றில் கடுகைவிடச் சின்னக் கல் ஒன்று அகப்பட்டால் கடித்த கணமே தாடை நின்றுவிடுகிறதே, அந்தத் தகவல் பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலிருந்து வருவதில்லை, எனாமலுக்கு உணர்ச்சியே கிடையாது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும்போதே செத்துப்போயிருக்கும். கல்லைச் சொல்வது இந்த நார்தான். இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைத்தால் அது நேராக எலும்போடு ஒட்டிக்கொள்கிறது, நார் இல்லை, அதனால் இந்த நுண்ணுணர்வும் குறைவு. பாட்டி பல் செட் போட்டபிறகு சொன்னார், "சோறு திங்கற மாதிரியே இல்லடா, யாரோ திங்கறத பாக்கற மாதிரி இருக்கு."

ஜனவரி 22

உன் பல் எப்படி என்று கேட்டீர்கள். பழுப்பு. வெற்றிலை போட்டதில்லை, சிகரெட் தொட்டதில்லை, ஆனால் வேலைக்குப் போன ஒவ்வொரு இடத்திலும் "பான்பராக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். பென்னாகரம் பக்கம் பிறந்தவன் என்று சொன்னால் தர்மபுரிக்காரர்கள் மட்டும் தலையாட்டுவார்கள்.

எங்கள் பக்கம் பாறை நிலம், பாறையின் கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர் தண்ணீர் அந்த அளவுக்கெல்லாம் அடங்கியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவர ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறந்தார்கள். திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ், அதாவது ஃப்ளூரைடு மிகுந்து வரும் கேடு, இருக்கிறது, பல் கறை பெயர் வரை ஏறிய குடிநீர்த் திட்டம்.

இந்தக் கறையைத் தேய்த்து எடுக்க முடியாது, மேலே படிந்தது இல்லை. ஞானப்பல் தவிர மற்ற பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிகிறது. அந்த வயதில் குடித்த தண்ணீர் எனாமலைக் கட்டும் செல்களின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. தங்கை மூன்று வயதிலேயே ஈரோட்டில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் பல் எனக்குப் பொறாமையாக இருக்கும். பெரியவர்களானபிறகு அதே தண்ணீரைக் குடிக்க வந்தவர்களுக்குப் பல் மாறாது. ஆனால் வருஷக்கணக்கில் அதிகமாகப் போனால் எலும்பைப் பிடிக்கும், முதுகு மடங்காமல் நடக்கும் பெரியவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் பேஸ்ட்டில் அதே ஃப்ளூரைடு? அளவுதான் விஷயம். நாம் தின்ற சர்க்கரையைப் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமி அமிலமாக்குகிறது. வாயின் பிஎச் (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அமிலத்தைத் தணித்துத் தாது உப்புகளைத் திருப்பிக் கொடுக்கும். அந்த ரிப்பேர் நேரத்தில் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால் எனாமல் முன்பைவிட அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும். ஒரே நேரத்தில் ரெண்டு லட்டு தின்பதைவிட, ஒரு லட்டை நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளித் தின்பதுதான் மோசம், எச்சிலுக்கு ஓய்வே கிடைக்காது. எட்டு டீ குடிக்கிற எனக்கு இதைச் சொல்லத் தகுதி கிடையாது.

ஜனவரி 23

செங்கல் பொடியில் தேய்த்தால் வெளுக்கும் என்ற யோசனைக்கு நன்றி. சின்ன வயதில் தேய்த்தேன். செங்கல்லில் மணல் இருக்கிறது, மணல் எனாமலைவிடக் கடினம், வெளுப்பதுபோல் தெரிந்தது பல் தேய்ந்ததால். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் சொன்னவர்கள் செங்கல்லைச் சொல்லவில்லை.

ஜனவரி 24

மேலே நான் எழுதியது தப்பு. அந்தப் பழமொழியில் இருப்பது வேம்பு இல்லை, வேல், அதாவது வேலமரம், கருவேலங்குச்சி. வேம்பும் பல் துலக்குகிற குச்சிதான் என்பதால் எல்லோரும் மாற்றிச் சொல்கிறோம். இதைப் பிடித்த தமிழாசிரியருக்கு வணக்கம். நாலும் இரண்டும் என்பது நாலடியாரும் திருக்குறளும், அதையாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 28

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்று எழுதியவருக்கு: பல்லில் புழு கிடையாது. பல்புழு நம் ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை, பாபிலோனியர்களுக்கும் இருந்தது. பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-லேயே அதை மறுத்துவிட்டார். கிருமி உண்டு, ஆனால் கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்து நெளியும் அளவில் இல்லை. ஆயா புகை போட்டபோது எனக்கு வலி குறைந்தது உண்மைதான், ஒருநாள்.

பிப்ரவரி 3

பல் போனால் சொல் போச்சு என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாட்டி பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு "வெத்தலை" என்றால் வகாரத்தில் வெறும் காற்றுதான் வரும். ஏன் என்று தொல்காப்பியத்தில் ஒரே வரியில் இருக்கிறது: பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும். மேல் பல் கீழுதட்டில் பட வேண்டும், பட பல் இல்லை. தகாரமும் நகாரமும் பல்லின் அடியில் நாநுனி ஒற்றப் பிறப்பவை என்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரு வால் உண்டு. வேட்டையாடித் தின்ற காலத்தில் மனிதர்களுக்குக் கடினமான உணவால் பல் தேய்ந்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நுனியோடு நுனி முட்டும்படி ஆகும். சமைத்த கூழும் மாவும் வந்தபிறகுதான் மேல் பல் சற்று முன்னால் வந்து மூடுகிற கடி பெரியவர்களானபிறகும் நிலைத்தது, அதனால் உதட்டில் பல் படும் ஒலிகள் எளிதாயின என்று 1985-ல் சார்லஸ் ஹாக்கெட் என்ற மொழியியலாளர் சொன்னார். 2019-ல் ஒரு ஆய்வுக் குழு அதை மறுபடி எடுத்து ஆதரித்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது, வகாரத்துக்குக் களிக்கும் கூழுக்கும் நன்றி சொல்லலாம்.

பிப்ரவரி 8

இவ்வளவு எழுதிவிட்டு நான் மட்டும் போகாமல் இருப்பது எனக்கே உறுத்தியது. போனேன், எக்ஸ்ரே எடுத்தார்கள். 26 மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, 37 சாய்ந்தே நிற்கிறது. இம்ப்ளான்ட் வைப்பதாக இருந்தாலும் முதலில் 26-ஐச் சீவி கேப் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழே பல் வைக்க உயரமே இல்லை. ஒரு பல்லுக்காகப் போனவனுக்கு மூன்று பல் வேலை. 150 ரூபாய்க்கு முடித்ததாக நினைத்ததன் மிச்சக் கணக்கைச் சொன்னார்கள், இங்கே எழுத மனம் வரவில்லை.

உங்கள் அம்மாவுக்குப் பல் எடுத்தபிறகு அந்த இடத்துக்கு என்ன செய்வது, எப்போது செய்வது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மேல் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு மேலே மேல்தாடை எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது, கண் அதற்கும் மேலே. சிலருக்கு வேர் அந்த அறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எடுத்தபின் பலமாக மூக்கைச் சிந்தாதே என்று டாக்டர் சொன்னால் அதனால்தான், கண்ணுக்காக இல்லை.

பிப்ரவரி 15

கேட்டவர் எழுதியிருக்கிறார், பல் எடுத்தாயிற்று. மரத்துப்போன கன்னத்தோடு அம்மா வீட்டுக்கு வந்து, முதலில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் காலண்டரைப் பார்த்தாராம், பிறகு மாற்றிப் பார்த்தாராம், ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் காலையில் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாராம்.